பெட் ஸ்கேன் எடுத்தாச்சு, மஜ்ஜை ஊசியும் வேணுமா?

வணக்கமுங்க. கோபி பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்புச்சிக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. சதை எடுத்துச் சோதித்ததில் ஃபாலிகுலர் லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) என்று வந்துவிட்டது. கோவையில் எடுத்த பெட் சிடி ஸ்கேனில் கழுத்து, அக்குள் தவிர வேறெங்கும் தெரியவில்லை. ஆனாலும் இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கணும் என்கிறார் டாக்டர்.

திருப்பூர் சொந்தக்காரர் ஒருவர், "என் பையனுக்கு ஸ்கேனோடு விட்டுட்டாங்க, இது தேவையில்லாத செலவு" என்கிறார். அவர் பையனுக்கு வந்தது ஹாட்ஜ்கின் என்ற வேறு வகை லிம்போமா. லிம்போமா எந்த நிலையில் இருக்கிறது என்று கணிக்க 2014இல் வந்த லுகானோ வழிமுறைப்படி, ஹாட்ஜ்கினில் பெட் சிடி எடுத்திருந்தால் பெரும்பாலும் மஜ்ஜை ஊசி வேண்டாம். ஃபாலிகுலர் அப்படியில்லை, மஜ்ஜையில் கொஞ்சமாகப் பரவியிருந்தால் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். இப்போதைக்கு இது இரண்டாம் நிலை, கதிர்வீச்சு மட்டும் போதலாம். மஜ்ஜையில் இருந்தால் நேரே நான்காம் நிலை, சிகிச்சைத் திட்டமே மாறும். அதனால் எடுத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புச்சிதான் "முதுகுத்தண்டுல குத்துவாங்களா கண்ணு?" என்று பயப்படுகிறார். அது வேறு ஊசி, இது மரத்துப்போக மருந்து போட்டுத்தான் எடுப்பார்கள் என்று சொன்னாலும் நம்பவில்லை.

வீட்டில் யாருக்காவது எடுத்திருந்தால் சொல்லுங்க: வலி எப்படி இருந்தது, அன்றே பஸ்ஸில் திரும்ப முடிந்ததா? இவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், டாக்டரிடம் கேட்போம். அதைத் தவிர முன்கூட்டியே வேறென்ன கேட்டுவைக்கணும்?