மூளையைப் பற்றிப் படிக்க ஆசை: டாக்டரா, ஆராய்ச்சியா, சைக்காலஜியா?

பிளஸ்டூ_நிலா
வணக்கம் அண்ணா, அக்கா. அரசுப் பள்ளி, பயோ-மேத்ஸ் குரூப். போன வருடம் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது, ஆனால் "தண்ணி" என்று கேட்க வார்த்தை வரவில்லை, பழைய பாட்டை மட்டும் வரி பிசகாமல் பாடுகிறார். இது எப்படி என்று தெரிந்தே ஆகவேண்டும் போல இருக்கிறது. வீட்டில் நீட் எழுதச் சொல்கிறார்கள், மிஸ் ஆராய்ச்சிக்குப் போ என்கிறார், தோழி சைக்காலஜி என்கிறாள். செலவும் பார்க்க வேண்டும்.

வார்டு_டாக்டர்
தங்கச்சி, நியூராலஜிஸ்ட், அதாவது மூளை நரம்பு டாக்டர் ஆக எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், எம்டி மூன்று, அதற்கு மேல் நரம்பியலுக்கான டிஎம் மூன்று, நடுவில் நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் காலம் தனி. முப்பது வயதை நெருங்கிவிடும், வீட்டில் இப்போதே சொல்லிவிடு. ஆனால் இந்த வேலையில் இருக்கும் சுகமே வேறு. வலது கை கால் விழுந்து பேச்சும் போன ஒருவர் வந்தால், சுத்தியலும் டார்ச்சும் வைத்துப் பார்த்தே, பெரும்பாலும் இடது மூளையில் எந்த ரத்தக்குழாய் அடைத்திருக்கும் என்று ஸ்கேனுக்கு முன்பே கணிக்கலாம். குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் வந்த சிலர் மறுநாளே பேசுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, விட்டுவிடாதே.

பேச்சு_தெரபி
தாத்தாவுக்கு வந்திருப்பது அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் வரும் பேச்சுக் குறைபாடு மாதிரி தெரிகிறது. பாட்டு வருகிறது என்பதையே வைத்து, ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்ட வைத்து, சின்னச் சின்ன வாக்கியங்களைச் சொல்ல வைக்கும் பயிற்சி உண்டு. இதைச் செய்யும் பேச்சு, செவித்திறன் துறைக்கான பிஏஎஸ்எல்பி நான்கு வருடப் படிப்பு, பயிற்சியும் சேர்த்து. முடித்ததும் வேலைக்குப் போகலாம். யாரும் சொல்லித் தராத வழி இது, எனக்கு வருத்தமே அதுதான்! சைக்காலஜி எடுத்தால் பிஏ, பிஎஸ்சி மட்டும் வைத்துச் சிகிச்சை தர முடியாது, மேலே ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள படிப்பு வேண்டும்.

பிளஸ்டூ_நிலா
தெரபி பற்றி ஆஸ்பத்திரியில் யாருமே சொல்லவில்லை அக்கா. நாளைக்கே விசாரிக்கிறேன்.

மீன்_லேப்
நீ கேட்டது "எப்படி" என்று, அதனால் நான் ஆராய்ச்சிக் கட்சி. ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ், சேர ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு, நீட் வேண்டாம். அப்புறம் பிஎச்டிக்கு பெங்களூரு ஐஐஎஸ்சி, நிம்ஹான்ஸ், மானேசரில் உள்ள மூளை ஆராய்ச்சி மையமான என்பிஆர்சி. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். நோயாளியைப் பார்க்க மாட்டாய், அதை யோசித்துக்கொள். நான் பார்ப்பது ஜீப்ரா மீன் குஞ்சு. உடம்பு கண்ணாடி போல இருப்பதால் உயிரோடு இருக்கும்போதே நரம்பணுக்கள் மினுங்குவது மைக்ரோஸ்கோப்பில் தெரியும். அதைப் பார்த்த அன்று தூக்கமே வராது. மீதி நேரம் முழுக்க கோடிங், ஆகவே மேத்ஸை விடாதே. டாக்டர் படித்தால் ஆராய்ச்சிக் கதவு மூடிவிடும் என்றும் இல்லை: கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் மாய வலிக்கு ஒரு கண்ணாடியை வைத்து வழி காட்டிய நரம்பியல் ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்துத்தான் கேம்பிரிட்ஜ் போனார். நீட், ஐஏடி இரண்டுக்கும் விண்ணப்பம் போடு, மேத்ஸ் தவிர பாடங்கள் ஒன்றுதான்.