நேர்பர்க்ரிங் நேரங்களை எப்படி ஒப்பிடுவது?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் எங்கள் கூட்டாளிமாருக்குள் இது பெரிய வாக்குவாதம். லம்போர்கினி அவென்டடோர் எஸ்விஜே கார் 2018இல் ஜேர்மனியின் நேர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 6:44.97இல் (6 நிமிடம் 44.97 செக்கன்) சுற்றியது. போர்ஷே 911 ஜிடி3 எடுத்தது, 2021இல் அறிவித்தபடி, 6:59.93. ‘பதினைந்து செக்கன் வித்தியாசம், கதை முடிந்தது’ என்கிறான் மச்சான்.

ஆனால் எஸ்விஜே ஓடியது 20.6 கிலோமீற்றர். போர்ஷேயின் நேரம் முழு 20.832 கிலோமீற்றருக்கு. அதே 20.6க்கு அது 6:55.34. அப்போது இடைவெளி பத்துச் செக்கன் சொச்சம்தான். 770 குதிரைவலுவுக்கு எதிராக 510ஐ வைத்துக்கொண்டு இது சும்மா விசயமா? (நான் போர்ஷே கட்சி, மறைக்கவில்லை.)

சரி, தூரத்தைச் சமப்படுத்தியாயிற்று. டயரை என்ன செய்வது? ஒன்று பிரெல்லி ட்ரோஃபியோ ஆர், மற்றது மிஷலின் கப் 2 ஆர். அன்றைய வெயில், தார் சூடு, சாரதி எல்லாம் வேறு. ஒரே நாளில், ஒரே சாரதி இரண்டையும் ஓட்டிய சோதனை எங்காவது இருக்கிறதா? வளைவுக்கு வளைவு வேகம் காட்டும் வீடியோ இருந்தாலும் போதும். தெரிந்தவர்கள் கீழே லிங்க் போடுங்கள். எந்தக் கார் வடிவு என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம்.