ஏப்ரல் பட்ஜெட் கூட்டம்: மைக்கைவிடக் காகிதம் பேசும்

சாட்ஸ்வொர்த் வாசி:
மார்ச் முடிந்ததும் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகராட்சியின் வரைவு பட்ஜெட்டுக்கு மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்கள் தொடங்கிவிடும். போகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. கைதட்டலும் கூச்சலும் எந்தக் கணக்கிலும் ஏறாது, தீர்மானிப்பது கவுன்சில்.

நிதியாண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. அதற்கு 90 நாள் முன்பே மேயர் வரைவைக் கவுன்சிலில் வைத்தாக வேண்டும். 30 நாள் முன்பு அது ஒப்புதலுக்கு வரும். நமக்குக் கிடைப்பது இடையில் உள்ள ஏப்ரலும் மே மாதத்தில் கொஞ்சமும்தான். 2003-ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, வந்த கருத்துகளைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். பிறகு மேயர் அவற்றுக்குப் பதில் சொல்லவும், தேவையானால் திருத்தம் கொண்டுவரவும் வாய்ப்புத் தர வேண்டும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிய மனு கையில் இருந்தால் இந்தப் பிரிவைக் காட்டிப் பதில் கேட்பது எளிது. மைக்கில் பேசியது ஒரு வரிக் குறிப்பாகச் சுருங்கிவிடும்.

ஃபீனிக்ஸ் அக்கா:
கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் அரைமணியிலேயே. ஒருவர் எழுந்து தெருக்குழியைப் பற்றிப் பேசுவார், அடுத்தவர் எரியாத விளக்கு, அதற்கடுத்தவர் பக்கத்து வீட்டுக் குப்பை. எல்லாம் நியாயமான குறைதான், ஆனால் இடம் அதுவல்ல. அதிகாரி “குறித்துக்கொண்டோம்” என்று புகார்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். தண்ணீர்க் கட்டண உயர்வைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காமல் நேரம் முடிந்துவிடும். குழிக்குப் புகார் எண் வாங்குங்கள். கூட்டத்துக்கு பட்ஜெட்டை எடுத்துப் போங்கள்.

மெரிபேங்க் கணக்கர்:
அந்த பட்ஜெட் புத்தகம் தலையணை கனம் இருக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். இரண்டு அட்டவணை போதும்.

எஸ்.ஏ.14 குடும்பப் பில் எவ்வளவு ஏறும் என்று காட்டும். அதில் நடுத்தர வருமான மாதிரிக் குடும்பத்துக்கு 7,00,000 ரேண்ட் வீடு, மாதம் 1,000 யூனிட் மின்சாரம், 30 கிலோலிட்டர் தண்ணீர். நம் பக்கம் ஒரே மீட்டரில் தாத்தா பாட்டி, இரண்டு மகன் குடும்பம், பின்கட்டில் வாடகைக்காரர் என்று இருப்பார்கள். தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறுவது. உபயோகம் கூடக்கூட ஒவ்வொரு கிலோலிட்டருக்கும் விலை கூடும். ஆகவே மாதிரிக் குடும்பத்தின் சதவீதம் நமக்குப் பொருந்தாது. உங்கள் பில்லில் உள்ள கிலோலிட்டரைப் படிவாரியாகப் பிரித்து, வரைவில் அந்தந்தப் படிக்குள்ள கட்டணத்தால் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையையே மனுவில் எழுதுங்கள். “ஏழைகள் தாங்க மாட்டார்கள்” என்ற வரியைவிட அந்தக் கணக்கு வலுவானது.

எஸ்.ஏ.36 மூலதன வேலைகளின், அதாவது குழாய் பதிப்பது போன்ற கட்டுமான வேலைகளின் பட்டியல். மூன்று ஆண்டுக்கும் தனித்தனிப் பத்தி. சூட்சுமம் இங்கேதான். வேலையின் பெயர் இருக்கும், முதலாண்டில் பூஜ்யம், பணமெல்லாம் மூன்றாமாண்டில். அடுத்த ஏப்ரலில் அது இன்னும் தள்ளிப்போகலாம். மனுவில் இப்படி எழுதலாம்: “எஸ்.ஏ.36, இன்ன வேலை, மழைநீர்க் குழாய். முதலாண்டில் தொகை இல்லை. மூன்றாமாண்டுத் தொகையில் வடிவமைப்புச் செலவை மட்டுமாவது முதலாண்டுக்குக் கொண்டுவரவும்.” எந்தத் தலைப்பில் குறைத்து இதற்குக் கொடுக்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். “பணம் இல்லை” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

டொங்காட் தம்பி:
கணக்கர் அண்ணே சொன்னதோடு ஒன்று. மூலதனப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானது எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கட்டப் பணம் ஒதுக்கினால் போதாது. பராமரிப்புக்கு நடப்புச் செலவில் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அது சுருங்கினால் புதுப் பம்பும் சீக்கிரமே பழுதாகும்.

இன்னொன்று, எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு. 2000-ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புமுறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, எழுத இயலாதவர் அலுவலக நேரத்தில் போய்ச் சொன்னால் ஊழியர் எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கே, யாரிடம் என்று அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபணையாகக் கொடுங்கள். ஆயாவைக் கூட்டிப்போகும் பேரப்பிள்ளைகள் அந்த அறிவிப்பை ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஐசிப்பிங்கோ:
ரேட்ஸ் (சொத்து வரி) கூடியது என்று பட்ஜெட் கூட்டத்தில் சண்டை போடுகிறவர்களுக்கு: வீட்டு மதிப்பில் ஒரு ரேண்டுக்கு எத்தனை சென்ட் வரி என்பது பட்ஜெட்டில் முடிவாகும், அதை அங்கே கேளுங்கள். வீட்டு மதிப்பு வேறு பாதை. ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சி போட்ட மதிப்பைக் காட்டும் மதிப்பீட்டுப் பட்டியல் பார்வைக்கு வரும்போது, குறைந்தது 30 நாள் அவகாசத்துக்குள், உங்கள் வீட்டுக்கென்று தனி ஆட்சேபணைப் படிவம் கொடுக்க வேண்டும். பட்டியல் முழுவதும் தப்பு என்று எழுதினால் எடுபடாது. அதே தெருவில், மதிப்பீட்டுத் தேதியை ஒட்டி விற்ற வீடுகளின் விலையைக் காட்டுங்கள். நேற்று விற்ற விலை உதவாது. உங்கள் ஆட்சேபணையின் பேரில் மதிப்பீட்டாளர் மதிப்பை 10 சதவீதத்துக்கு மேல் மாற்றினால் அந்த முடிவு தானாகவே மேல்முறையீட்டுக் குழுவின் பரிசீலனைக்குப் போகும். முக்கியமாக, ஆட்சேபணை கொடுத்தாலும் ரேட்ஸ் கட்டுவதை நிறுத்தாதீர்கள். வட்டி ஏறும், பிறகு இணைப்பைத் துண்டிக்க வருவார்கள்.

சாட்ஸ்வொர்த் வாசி:
வார்டு கமிட்டி என்று இன்னொரு வழியும் இருக்கிறது. தலைவர் கவுன்சிலர், மற்றவர்கள் பத்துப் பேர் வரை. ஆலோசனை சொல்லும் குழுதான். வேகத்தடை, பூங்கா வேலி மாதிரியான சின்ன வேலைக்கு ஏப்ரல் வரை காத்திருக்காமல் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அங்கே கொடுங்கள். பட்ஜெட்டுக்கான கால அட்டவணையே ஆகஸ்ட் முடிவுக்குள் கவுன்சிலில் வைக்கப்பட வேண்டும், அதிலேயே கூட்டத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரலில் புதிதாக நுழைக்கக் கேட்பது கடினம். உள்ளே இருப்பதை முன்னே தள்ளுவது அதைவிட எளிது.