பட்டம் கையில், பதிவு எங்கே? வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பற்றி நம் ஊர்க்காரர்களின் அனுபவம்

மூத்தவள், சுங்கை சிப்புட்

போன மாதம் தம்பிக்கு மலேசிய மருத்துவ மன்றத்தின் இடைக்காலப் பதிவு, அதாவது பயிற்சி டாக்டராகச் சேரும் அனுமதி, கிடைத்தது. அம்மா அந்தக் கடிதத்தை அச்செடுத்து வரச் சொல்லி, ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அவன் வெளிநாட்டில் படிப்பை முடித்து, பட்டத்தோடு ஈப்போ அமான்ஜெயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது. "டாக்டருக்குப் படித்த பையன் ஏன் டியூஷன் எடுக்கிறான்?" என்று கடைத்தெருவில் என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் கீழே சொல்லுங்கள்.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தம்பிக்கு ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷனும் முடித்தான். ஆனால் இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் நாங்கள் நினைத்தும் பார்க்க முடியாதது. அந்த நேரத்தில் ஓர் ஏஜென்ட் வீடு தேடி வந்தார். கோப்பி குடித்துக்கொண்டே, "அங்கீகாரம் எல்லாம் இருக்கிறது ஐயா, கவலையே வேண்டாம்" என்றார். அவர் காட்டிய தாள் பொய்த்தாள் இல்லை. அந்த நாட்டு அரசாங்கம் அந்தக் கல்லூரியை அங்கீகரித்திருந்தது உண்மை. மலேசியா அங்கீகரித்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. அது தனிக் கேள்வி என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்பா ஊழியர் சேமநிதியில் கல்விக்காக எடுக்க முடிந்ததை எடுத்தார். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டத்தை இங்கே அப்படியே ஏற்பார்கள் என்பது அதில்தான் இருக்கும். தம்பியின் கல்லூரி அதில் இல்லை. நான்காம் ஆண்டில் ஒரு சீனியர் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். அன்று இரவு போனில் பேச்சே வரவில்லை, அழுகைதான். "அப்பாவிடம் சொல்லாதே அக்கா" என்றான். பட்டம் வாங்கும்வரை நான் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர்களுக்குக் கதவு மூடிவிடவில்லை. தகுதித் தேர்வு இருக்கிறது, எம்.கியூ.இ. என்பார்கள். இங்குள்ள பல்கலைக்கழகங்களின் இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் எழுதும் தரத்தில் இருக்கும். எழுத்துத் தேர்வோடு முடியாது, நோயாளியைப் பரிசோதித்துக் காட்டவும் வேண்டும். தம்பி புத்தகத்துக்குப் பயப்படுகிறவன் இல்லை. அவன் தடுமாறியது வேறு இடத்தில். ஆறு வருடம் குளிர்நாட்டில் இருந்தவன் டெங்கியைப் படத்தில்தான் பார்த்திருந்தான். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் அப்படித்தான். அங்கே நோயாளியிடம் அந்த ஊர் மொழியில் பேசிப் பழகியவனுக்கு, இங்கே "எத்தனை நாளாக வலி, எங்கே தொடங்கியது" என்று மலாயில் வரிசையாகக் கேட்கவே மறுபடி பழக வேண்டியிருந்தது. முதல் முறை தேறவில்லை. பகலில் டியூஷன், இரவு பன்னிரண்டு மணிவரை படிப்பு. அடுத்த முறை தேறினான்.

இனிமேல்தான் ஹவுஸ்மேன் பயிற்சி, புது டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் மேற்பார்வையில் செய்யும் வேலை. 2008-இலிருந்து அது இரண்டு வருடம். துறைக்கு நான்கு மாதம் வீதம் ஆறு துறைகள் சுற்ற வேண்டும். அதை முடித்தால்தான் முழுப் பதிவு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பட்டம் வாங்கிய அன்றே டாக்டர் ஆகிவிட்டான் என்று நாங்கள் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தோம். பாவம், அவன் ஒரு லட்டுகூடச் சாப்பிடவில்லை.

பழைய டிரெசர் மகன்

படித்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்று யாரும் தங்கியிருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் காரில் வருவார், மற்ற நாளெல்லாம் மருத்துவ உதவியாளரான டிரெசர்தான், அதாவது என் அப்பா. காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் அப்பா கைதான். டாக்டர் வரும் நாளில் பால்வெட்டு முடித்த பெண்கள் குளித்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். அந்தத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் டாக்டராகி வருவதைப் பார்க்க அப்பாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. தம்பிக்கு என் ஆசீர்வாதம் சொல்லம்மா.

வடக்கே போனவன்

அக்கா, நான் உங்கள் தம்பிக்கு நேர் எதிர்ப்பக்கம். இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஹவுஸ்மேன் முடித்து, இங்கிலாந்துக்குப் போனேன். 2016 டிசம்பரில் டாக்டர் வேலை ஒப்பந்த முறைக்கு மாறியது, நான் அதற்குப் பிறகு சேர்ந்தவன். நிரந்தரம் ஆவேனா என்று தெரியாமலேயே வருடங்கள் போயின. 2021 ஜூலை 26-ஆம் தேதி நிரந்தர வேலை கேட்டு ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து நின்றார்கள், அவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகுதான் கிளம்பும் எண்ணம் வந்தது.

அங்கே பதிவு கொடுப்பது ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். முதலில் ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5 வேண்டும், நான்கு பகுதியில் எதிலும் 7-க்குக் குறையக் கூடாது. நான் எழுத்தில் 6.5 வாங்கி ஒரு தடவை தவறவிட்டேன். அப்புறம் பிளாப், வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு அவர்கள் வைக்கும் தேர்வு. முதல் பகுதி 180 கேள்விகள், மூன்று மணி நேரம், இதைப் பல நாடுகளில் எழுதலாம். இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டும்தான். பதினாறு அறைகள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். நோயாளியாக நடிகர் உட்கார்ந்திருப்பார். ஓர் அறையில், கணவர் இறந்துவிட்டார் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டும். நம் வார்டில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது, "ஆண்ட்டி, மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். அங்கே நின்று, அவர் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது, நல்லதுதான்.

தேர்வைவிட என்னை அலைக்கழித்தது என் பெயர். கடப்பிதழில் என் பெயர், நடுவில் 'ஏ/எல்' (மகன் என்று அர்த்தம்), பிறகு அப்பா பெயர். நம் எல்லோருக்கும் அப்படித்தானே. அங்கே படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரு இடத்தில் அப்பா பெயரைப் போட்டேன், இன்னொரு இடத்தில் 'ஏ எல்' என்பதையும் சேர்த்துப் போட்டேன். பட்டத்தை எபிக் என்ற அமைப்பு வழியாக, படித்த பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று கேள்வி வந்தது. சத்தியப் பிரமாணம் எழுதி, ஓத் கமிஷனரிடம் முத்திரை வாங்கி அனுப்பினேன். தயவுசெய்து முதல் படிவத்திலிருந்தே பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள், கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே.

நம் மருத்துவ மன்றத்தின் நற்சான்றுக் கடிதமும் வேண்டும், இவர்மேல் புகார் எதுவும் இல்லை என்று சொல்வது. ஆர்வத்தில் அதை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டேன். அது மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் காலாவதி. மறுபடியும் பணம், மறுபடியும் காத்திருப்பு.

இன்னொன்று, பதிவு எண் கிடைத்த பிறகு வேலை கிடைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்துக்கும் கையில் காசு இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்

முப்பது வருடம் வார்டில் இருந்தவள் நான். அந்தத் தகுதித் தேர்வு தேவையில்லாத தடை என்று சிலர் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பயிற்சி டாக்டர், பிள்ளை ரொம்ப நல்ல பையன். இரவு வேலையில் டெங்கி நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. குணமாகிறது என்று நினைத்து, "காலையில் பார்க்கலாம் சிஸ்டர்" என்றார். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், இது இங்கே எங்கள் எல்லோருக்கும் தெரியும். கை சில்லிட்டிருந்தது, நாடி வேகமாக இருந்தது. நானே மூத்த டாக்டரை எழுப்பினேன். நோயாளி பிழைத்தார்.

அந்தப் பையன் மறுநாள் என்னிடம் வந்து, "அக்கா, எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றார். அடுத்த நான்கு மாதமும் டெங்கி நோயாளி ஒருவரையும் அவர் தவறவிட்டதில்லை. மணிக்கு ஒரு தரம் போய்த் தொட்டுப் பார்ப்பார். இப்போது அவர் நிபுணர். ஆகவே வெளிநாட்டில் படித்தவர் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்குள்ள நோயை இங்கே பார்த்துப் பழகாமல் தனியாக விடக் கூடாது. தேர்வும் இரண்டு வருடப் பயிற்சியும் நோயாளிக்காக இருக்கின்றன.

ஜோகூரிலிருந்து

சிங்கப்பூர் பற்றி யாராவது கேட்பீர்கள். அங்கேயும் பட்டியல்தான். 2020 ஜனவரி முதல் அவர்கள் ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளை 160-இலிருந்து 103-ஆகக் குறைத்தார்கள். நம் மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் பட்டியலில் தங்கின. பட்டியலில் இருந்தாலும் முதலில் நிபந்தனைப் பதிவுதான், மூத்தவர் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். சேரும்போது இருந்த பட்டியல் முடிக்கும்போது அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படிவத்து அம்மா

வணக்கம் அக்கா. என் மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதுகிறாள். டாக்டர் கனவு. எங்கள் வீட்டுக்கும் ஓர் ஏஜென்ட் வந்து போகிறார். அடிப்படைப் படிப்பே தேவையில்லை, எஸ்.பி.எம். முடித்ததும் நேராகச் சேரலாம் என்கிறார். முன்பணம் இந்த மாதமே கட்டினால் கட்டணத்தில் கழிவு உண்டாம். படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. யாரிடம் கேட்பது?

தூரத்து மருமகள்

நான் இந்தியாவில் படித்தேன், நம் பட்டியலில் இருந்த கல்லூரி. பேராக்கில் வேலை செய்துவிட்டு, கணவர் வேலையால் ஆஸ்திரேலியா வந்தேன். இங்கே ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சிலின் தேர்வு. முதலில் கணினியில் 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். பிறகு செய்முறைத் தேர்வு. அதற்குத் தேதி கிடைக்கவே நான் நெடுநாள் காத்திருந்தேன். சில ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துக்கொண்டே மதிப்பிடப்படும் வழியும் உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. பிறகு குறைந்தது பன்னிரண்டு மாதம் மேற்பார்வையில் வேலை.

அதோடு, வெளிநாட்டில் படித்த டாக்டர் தன் கிளினிக் நோயாளிகளுக்கு அரசாங்கக் காப்பீட்டுப் பணம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றால், பொதுவாகப் பத்து வருடம் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் இருக்க வேண்டும். அதனால் நான் இருப்பது சிட்னியில் இல்லை. கோதுமை வயலுக்கு நடுவில் ஒரே தெரு உள்ள ஊர். முதல் நாள் போய் இறங்கியபோது சுங்கை சிப்புட் நினைவுதான். ஒரு பெரியவர் கையில் வெட்டுக்காயத்தோடு வந்தார், "எப்போது பட்டது?" என்றேன். "நாலு நாள் ஆச்சு, அறுவடை முடியட்டும் என்று இருந்தேன்" என்றார். தோட்டத்தில் என் தாத்தாவும் அப்படித்தான், செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒரு நாள் போய்விடும் என்று புண்ணோடு வேலைக்குப் போவார்.

பத்து வருடத்தில் ஆறு முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் இங்கேயே இருப்பேன் என்று நினைக்கிறேன்.

மூத்தவள், சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், நீங்கள் எழுதியதைத் தம்பியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். டெங்கி பற்றிய பகுதியை அவன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் படிவத்து அம்மாவுக்கு: முன்பணம் கட்டாதீர்கள். கழிவு போனால் போகட்டும். நேராகச் சேரலாம் என்று அவர் சொல்வதே தப்பு. மருத்துவ மன்றம் எஸ்.பி.எம்.மில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம், இன்னொரு பாடம் என்று ஐந்திலும் குறைந்தது 'பி' கேட்கிறது. அதற்கு மேல் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாதிரி பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஒரு படிப்பும் வேண்டும். அது இல்லாமல் போனால் கல்லூரி பட்டியலில் இருந்தாலும் திரும்பி வரும்போது சிக்கல். கல்லூரியின் முழுப் பெயர், பட்டத்தின் பெயர், எந்த வளாகம் என்பதை அவரிடம் எழுதி வாங்குங்கள். நாம் மன்றத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்போம். அவர்கள் பதில் எழுத்தில் வரும்வரை ஒரு வெள்ளி கூடக் கொடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் பூஜை முடிந்து மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தம்பிக்கு இன்னும் ஆஸ்பத்திரி ஒதுக்கவில்லை, வீட்டில்தான் இருப்பான்.