வீடியோ ஏறவே மாட்டேங்குது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

மார்த்தாண்டம்காரன்:
இந்தச் சிவராத்திரிக்கு, எங்கள் குமரி மாவட்டத்துச் சிவன் கோவில்களுக்குப் பக்தர்கள் ஓடியே போகிற சிவாலய ஓட்டத்தைப் படம் பிடித்தேன். முன்சிறை திருமலையில் கிளம்பி, கையில் விசிறியோடு 'கோவிந்தா கோபாலா' என்று ஓடுகிறவர்களுக்குப் பின்னால் பைக்கில் திருநட்டாலம் வரை போனேன். பன்னிரண்டு கோவில், பொட்டுத் தூக்கம் கிடையாது. அந்த அலுப்பைவிடப் பெரிய அலுப்பு, எடுத்ததை யூடியூபில் ஏற்றும்போதுதான் வந்தது.

22 நிமிட வீடியோ. 4கே, நொடிக்கு 60 பிரேம். தரம் குறையக்கூடாது என்று பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் டேட்டா அளவு) 100 எம்பிபிஎஸ் வைத்து எக்ஸ்போர்ட் பண்ணினேன். பைல் 16.5 ஜிபி. வீட்டில் '100 எம்பிபிஎஸ்' பிளான்தான், ஆனால் ஸ்பீடு டெஸ்டில் அப்லோடு பக்கம் 6தான் காட்டியது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அப்படியானால் நொடிக்கு முக்கால் எம்பி. கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல். கணக்கை முதலிலேயே போட்டிருக்கலாம், நான் போட்டது நாலாவது மணி நேரத்தில்.

அதன் பிறகுதான் கூத்து. ஒருவழியாக ஏறி முடிந்ததும் லிங்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன். சித்தப்பா உடனே, "மக்கா, மூடுபனியிலயா எடுத்தே?" என்று கேட்டார். பார்த்தால் 360பி மட்டும்தான் ஓடுகிறது. பைல் கெட்டுப்போச்சு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். இன்னொரு ஆறு மணி நேரம். மறுபடியும் அதே மங்கல்.

பிறகுதான் தெரிந்தது, ஏறுவது வேறு, ஏறியதை யூடியூப் ஒவ்வொரு தரத்துக்கும் மாற்றித் தயாரிக்கும் பிராசசிங் வேறு. முதலில் குறைந்த தரத்தில்தான் தயாராகும், எச்டியும் 4கேயும் பின்னால் வரும். ஒரு மணி நேர 4கே வீடியோ 30 பிரேமில் இருந்தாலே, உயர்தரம் முடிய 4 மணி நேரம் வரை ஆகலாம் என்று யூடியூப் உதவிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. 60 பிரேம் என்றால் அதைவிடக் கூடுதல். அழிக்காமல் விட்டிருந்தால் காலையில் தானாகத் தெளிந்திருக்கும். நானோ அழித்து அழித்து வரிசையின் கடைசிக்கே போய் நின்றேன்.

தக்கலை அக்கா:
தம்பி, என் கதை இன்னும் மோசம். நான் எல்லாம் போனில்தான். மீன் அவியல் வீடியோ ஒன்று 38 சதவீதத்தில் நின்றது நின்றதுதான். குழம்பு ஆறி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வந்தும் அதே 38. மகள் வந்து பார்த்து, "பேட்டரி சேவர் போட்டிருக்கீங்க, திரை அணைஞ்சதும் போன் அப்லோடையும் நிறுத்திடுது" என்றாள். அதை எடுத்துவிட்டதும் நகர ஆரம்பித்தது. இன்னொரு தடவை அசையவே இல்லை. ஆப்பில் 'வைஃபையில் மட்டும் ஏற்று' என்பது போட்டுக்கிடக்க, நான் மொபைல் டேட்டாவில் உட்கார்ந்திருக்கிறேன்!

கரண்ட் போகிற பிரச்சினைக்கு, ஏற்றுகிற வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டேன். பாதியில் நின்றாலும் 24 மணி நேரத்துக்குள் அதே பைலைத் திரும்பத் தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. மறுபடி எடிட் பண்ணக்கூடாது, அதே பைல்.

கடலோரத் தம்பி:
எங்கள் ஊரில் பத்தாம் திருவிழா அன்று தேர்ப்பவனி. சுடச்சுடப் போடணும் என்று தேர் நிலைக்கு வருமுன்பே கடற்கரையில் நின்று ஏற்றப் பார்த்தேன். போனில் சிக்னல் கம்பி முழுசாக இருக்கிறது, ஒரு கேபிகூடப் போகவில்லை. ஊர்ச்சனம் மொத்தமும் ஒரே டவரில் தொங்கினால் வேறென்ன ஆகும்? ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஏற்றினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. இப்போது அதுதான் என் நேரம்.

அப்புறம், லேப்டாப்பில் ஏற்றுகிறவர்கள் பின்னால் என்ன ஓடுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். என்னுடையதில் போட்டோ பேக்கப் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அப்லோடில் பாதியை அது தின்றுகொண்டிருக்க, நான் வீடியோவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சுசீந்திரம்வாசி:
நான் மாட்டியது வேறு இடம். மார்கழித் தேரோட்ட வீடியோ ஏறியது, பிராசசிங்கும் முடிந்தது, 'சரிபார்ப்பு' என்ற இடத்தில் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் காப்புரிமைக் கோரிக்கை. ரதவீதிக் கடையொன்றில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியிருக்கிறது, அது என் மைக்கில் விழுந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், கோரிக்கை வேறு, சேனலையே பாதிக்கிற ஸ்டிரைக் வேறு. பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பரக் காசு பாட்டின் உரிமைக்காரருக்குப் போகும். நான் அந்த நாற்பது நொடியின் சத்தத்தை மட்டும் யூடியூப் எடிட்டரிலேயே அமர்த்திவிட்டேன். மார்த்தாண்டம் தம்பி, நீங்கள் பேசாமல் 1080பி-யில் போட்டால் என்ன? பார்க்கிறவர்கள் எல்லாம் போனில்தானே.

மார்த்தாண்டம்காரன்:
அதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணே. 4கே-யாக ஏற்றினால், 1080-ல் பார்க்கிறவருக்கும் கொஞ்சம் தெளிவாகத்தான் தெரிகிறது. தீப்பந்த வெளிச்சம், ஓடுகிற கால், இருட்டு, இதெல்லாம் குறைந்த பிட்ரேட்டில் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ஆனால் 100 எம்பிபிஎஸ் என்பது என் பேராசை, ஒத்துக்கொள்கிறேன். 4கே 30 பிரேமுக்கு யூடியூப் சொல்வதே 35 முதல் 45 வரைதான். 30 பிரேமுக்கு மாற்றி 45-ல் எக்ஸ்போர்ட் பண்ணினேன், பைல் 7.4 ஜிபிக்கு வந்தது.

பெரிய மாற்றம் ரவுட்டரில்தான். எங்களுடையது பழைய கருங்கல் சுவர் வீடு. ரவுட்டர் முன்னறையில், நான் எடிட் பண்ணுவது பின்னறையில், வைஃபையில். இன்டர்நெட்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிளை நேராகச் செருகிப் பார்த்தேன். அப்லோடு 40! இத்தனை நாள் லைன்மேன் பையனைத் திட்டியது பாவம். மொத்தமும் 25 நிமிடத்தில் ஏறிவிட்டது.

இப்போது முந்தின ராத்திரியே 'தனிப்பட்டது' என்று போட்டு ஏற்றிவிடுகிறேன். காலையில் 4கே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பொதுவாக்குகிறேன். சித்தப்பாவுக்கு லிங்க் அதற்கும் அப்புறம்தான்.

தக்கலை அக்கா:
அந்த கேபிள் எவ்வளவு நீளம் தம்பி? எனக்கு அடுக்களை வரைக்கும் வேணும்.

மார்த்தாண்டம்காரன்:
15 மீட்டர் அக்கா. வாசல்படிக்குக் குறுக்கே போட்டுவிடாதீங்க, அம்மா இரண்டு தடவை தட்டி விழப் பார்த்தாங்க. இப்போது சுவரோரமாக ஆணி அடித்து ஓட்டியிருக்கிறேன்.