வேலையில இருந்துக்கிட்டே ஆன்லைன்ல எஜுகேஷனல் லீடர்ஷிப் டாக்டரேட் பண்ணலாமா? (வேலூர் மாவட்டம்)

குடியாத்தம்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில பி.டி. அசிஸ்டென்ட்டா இருக்கேன், எம்.ஏ., எம்.எட். முடிச்சிருக்கேன், ரெண்டுலயும் 55 பர்சென்ட்டுக்கு மேல. கல்வி நிர்வாகம், பாலிசி இந்த லைன்ல டாக்டரேட் பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஏன்னு சொல்றேன். எங்க ஸ்கூல் எஸ்எம்சில (பள்ளி மேலாண்மைக் குழு) முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்கு மேல அம்மாங்க, ஆர்டிஇ (கல்வி உரிமை) சட்டம் சொன்னபடி எல்லாம் கரெக்ட்டா இருக்கு. ஆனா கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த நேரத்துல பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போனவங்க இன்னும் திரும்பியிருக்க மாட்டாங்க, பீடி சுத்துறவங்க அன்னிக்குக் கணக்கை முடிச்சாத்தான் கூலி, அதனால ஆறேழு பேர் வந்தா பெருசு. அப்புறம் தீர்மான நோட்டு வீடு வீடா போய் கையெழுத்து வாங்கிட்டு வரும். டாய்லெட்ல தண்ணி வரலைன்னு எங்கிட்ட முதல்ல வந்து சொல்றது அந்த அம்மாங்கதான், ஆனா நோட்டைப் புரட்டிப் பாத்தா அவங்க பேசினது ஒரு வரி இருக்காது. சட்டம் அவங்களுக்குக் கொடுத்த இடம் எங்க, எப்படிக் காணாமப் போவுதுன்னு முறையா ஆராய்ச்சி பண்ணிப் பாக்கணும்.

பிரச்சினை என்னன்னா வேலையை விட முடியாது, ரெண்டு பசங்க, மாமியாருக்கும் உடம்பு முடியல. பெங்களூர்ல இருந்து ஒரு கன்சல்டன்சிகாரங்க விடாம போன் பண்றாங்க, வெளிநாட்டு யூனிவர்சிட்டியாம், 18 மாசமாம், எல்லாமே ஆன்லைனாம், பணத்தை இன்ஸ்டால்மென்ட்ல கட்டலாமாம். நம்பி சேரலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சேர்க்காடு_ஸ்காலர்:
மேடம், பணம் எதுவும் கட்டிடாதீங்க, முதல்ல இத படிங்க.

இந்தியாவுல ஆன்லைன் பிஎச்டின்னு ஒண்ணு கிடையாது. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பர்ல கொண்டுவந்த பிஎச்டி விதிமுறையில டிஸ்டன்ஸ்லயோ ஆன்லைன்லயோ பிஎச்டி நடத்தக்கூடாதுன்னு நேராவே எழுதியிருக்கு. அதுக்கு முந்தின மாசம் 2022 அக்டோபர்ல யூஜிசியும் ஏஐசிடிஇயும் (தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) சேர்ந்து ஒரு எச்சரிக்கை விட்டாங்க, ஆன்லைன்ல படிப்பு விக்கிற எட்டெக் கம்பெனிங்க வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட கைகோத்து விளம்பரம் பண்ற ஆன்லைன் பிஎச்டிக்கு அங்கீகாரம் இல்லைன்னு. உங்களுக்கு வர்ற போன் அச்சு அசல் அதேதான். 18 மாசம்னு சொல்ற இடத்துலயே நீங்க போனை வச்சிடலாம், ஏன்னா இங்க கோர்ஸ் ஒர்க்கோட (ஆராய்ச்சிக்கு முன்னாடி படிக்க வேண்டிய பாடங்கள்) சேத்து குறைஞ்சது 3 வருஷம்.

ஆனா பார்ட் டைம் பிஎச்டி இருக்கு! அதே 2022 விதி அதை அனுமதிக்குது. வேலை பாத்துக்கிட்டே பண்றவங்க பெரும்பாலும் இந்த வழியிலதான் பண்றாங்க, நானும் அப்படித்தான், தனியார் காலேஜ்ல வேலை பாத்துக்கிட்டு திருவள்ளுவர் யூனிவர்சிட்டியில (என்னுது வேற சப்ஜெக்ட்). எஜுகேஷன்ல பண்ணணும்னா சென்னையில தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கு, அவங்க நோட்டிபிகேஷனை வெப்சைட்ல பாத்துக்கிட்டே இருங்க. உங்க டாபிக் பாலிசி சம்பந்தப்பட்டதுங்கிறதால டெல்லி நீபாவையும் பாருங்க, கல்வித் திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்குமே இருக்கிற நிறுவனம் அது, பார்ட் டைம் பிஎச்டியும் வச்சிருக்காங்க, ஆனா அனுபவம் இவ்வளவு வேணும்னு கண்டிஷன் போடுவாங்க.

டைம் பத்தி பயப்படாதீங்க. 6 வருஷம் வரைக்கும் போகலாம், அப்புறம் ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணா 2 வருஷம், பெண்களுக்கு அதுக்கு மேல இன்னும் 2 வருஷம், ஆக மொத்தம் 10. குழந்தையைப் பாத்துக்கிறதுக்கு 240 நாள் வரைக்கும் லீவும் விதியிலயே இருக்கு. கோர்ஸ் ஒர்க் 12 கிரெடிட்டாவது முடிக்கணும், அந்த ஒரு கட்டம்தான் வேலையில இருக்கறவங்களுக்குக் கஷ்டம், பெரும்பாலும் நேர்ல போக வேண்டியிருக்கும். அப்புறம் செமஸ்டருக்கு ஒருமுறை ரிசர்ச் கமிட்டி முன்னாடி வேலை எவ்வளவு நகர்ந்திருக்குன்னு காட்டணும்.

ஆற்காடு_டு_அபுதாபி:
மேல சொன்னவர் விதி சொன்னது எல்லாம் சரிதான், ஆனா ஆன்லைன் டாக்டரேட்டே டூப்ளிகேட்னு யாரும் முடிவு பண்ணிடக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன். நான் இங்க ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல கோஆர்டினேட்டர். அமெரிக்காவுல எட்.டி.ன்னு (டாக்டர் ஆஃப் எஜுகேஷன்) ஒரு டிகிரி உண்டு, ஹார்வர்டுல 1920கள்லயே ஆரம்பிச்சது, ஸ்கூல் நடத்துறவங்களுக்காகவே உள்ளது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட்டோட பீபாடி காலேஜ், யூஎஸ்சி ராஸியர் மாதிரி பெரிய இடங்களே இதை ஆன்லைன்ல நடத்துறாங்க. பிஎச்டியில புதுசா ஒரு கோட்பாட்டை நோக்கிப் போவாங்க, எட்.டி.ல உங்க ஸ்கூல்ல இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்து, அதைத் தரவோட ஆராஞ்சு, ஒரு மாத்தத்தை செஞ்சு பாத்து எழுதணும். டீச்சர் சொன்ன எஸ்எம்சி நோட்டு மேட்டர் இருக்கே, அது அப்படியே எட்.டி. டாபிக்.

ஆனா செலவு லட்சக்கணக்குல போகும், நம்ம ஊர் அரசு வேலைக்கு அதனால எந்தப் பிரயோஜனமும் இருக்காது. எங்கள மாதிரி வெளிநாட்டு ஸ்கூல்ல இருக்கறவங்களுக்குத்தான் அது. எங்க கூட வேலை பாக்கிற ஒருத்தர் ஊருக்குத் திரும்பி காலேஜ் வேலைக்கு அப்ளை பண்ணும்போது, ஆன்லைன்ல வாங்கின டாக்டரேட்டை ஏத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, மனுஷன் ரொம்ப உடைஞ்சு போயிட்டார், அஞ்சு வருஷ உழைப்பு அது. அதனால டீச்சர், உங்களுக்கு பார்ட் டைம் பிஎச்டிதான்.

ஒடுகத்தூர்_ஹெச்எம்_ஓய்வு:
அம்மா, உங்க கேள்வியைப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. அணைக்கட்டு ஒன்றியத்துல மலைமேல பீஞ்சமந்தை பக்கத்து ஊருங்கள்ல இருந்து வர்ற பிள்ளைங்களை வச்சு பள்ளிக்கூடம் நடத்தினவன் நான். பெத்தவங்க ஏன் கூட்டத்துக்கு வரலைன்னு மேல இருந்து கேப்பாங்க, பஸ் எத்தனை மணிக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இதையெல்லாம் உள்ளே இருந்து பாத்தவங்க எழுதினாத்தான் பாலிசி போடுறவங்களுக்கு உறைக்கும். கைவிட்டுடாதீங்க.

ஒரு யோசனை. யூனிவர்சிட்டியைத் தேடறதுக்கு முன்னாடி, ஆராய்ச்சியை வழிநடத்துற கைடைத் தேடுங்க. ஷோத்கங்கான்னு ஒரு சைட், இந்தியா முழுக்க யூனிவர்சிட்டிங்க ஏத்துக்கிட்ட தீசிஸ் (ஆய்வேடு) நிறைய அதுல இலவசமா கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் பங்கேற்பு அப்படின்னு போட்டுத் தேடினா யார் யார்கிட்ட அந்த மாதிரி ஆராய்ச்சி நடந்திருக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் அவங்களுக்கு மெயில் போடுங்க, ரெண்டு பக்கத்துல உங்க கேள்வியை எழுதி, இங்க எழுதின மாதிரியே எழுதுங்க, அலங்காரமே வேணாம். கைடுக்கு எத்தனை வருஷ சர்வீஸ் பாக்கின்னு விசாரிச்சுக்கோங்க, ரிட்டயர் ஆக 3 வருஷத்துக்கும் குறைவா இருந்தா புது ஸ்காலரை எடுக்க முடியாது. ஒரு கைடு ஒரே நேரத்துல எத்தனை ஸ்காலரை வச்சுக்கலாம்ங்கிறதும் கணக்குதான், புரொபசர்னா 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4.

இன்கிரிமென்ட் கிடைக்கும்னு யாராவது சொன்னா அதை நம்பி இறங்காதீங்க, உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020லயே நிறுத்திட்டாங்க.

குடியாத்தம்_டீச்சர்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த கன்சல்டன்சி நம்பரை பிளாக் பண்ணிட்டேன். ராத்திரி பசங்க தூங்கினதும் ஷோத்கங்காவுல தேடிப் பாத்தேன் சார், எஸ்எம்சி பத்தி நிறைய தீசிஸ் இருக்கு, ஆனா நான் பாத்த வரைக்கும் எல்லாம் கேள்வித்தாள் கொடுத்து டிக் அடிக்க சொன்னதுதான், அம்மாங்ககிட்ட உக்காந்து பேசினது கண்ணுல படல. எனக்கு இன்னும் தைரியம் வந்துடுச்சு. காட்பாடியில ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சா காலையிலயே சென்னை போயிடலாம், கோர்ஸ் ஒர்க்கை அப்படி சமாளிக்கலாம்னு வீட்டுக்காரரும் சொல்றார்.

ஒரே ஒரு சந்தேகம், நான் படிக்க ஆட்சேபனை இல்லைன்னு வேலை பாக்கிற இடத்துல வாங்குற கடிதம், அதான் என்ஓசி, எப்படி இருக்கணும்?

சேர்க்காடு_ஸ்காலர்:
ஹெச்எம் மூலமா முறைப்படி மேல அனுப்பணும் மேடம், சீக்கிரமே ஆரம்பிச்சிடுங்க, பைல் ஒவ்வொரு டேபிளா நகர நாளாகும். சும்மா 'ஆட்சேபனை இல்லை'ன்னு ஒரு வரி வாங்கினா பத்தாது. பார்ட் டைமா படிக்க அனுமதி கொடுக்கிறோம், ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்குற அளவுக்குத்தான் இவங்க வேலை இருக்கு, தேவைப்பட்டா கோர்ஸ் ஒர்க் முடிக்க டூட்டியில இருந்து விடுவிப்போம், இந்த மூணும் அந்த லெட்டர்ல இருக்கணும்னு விதியிலயே இருக்கு. மூணாவது வாசகத்தைத்தான் ஆபீஸ்ல விட்டுடுவாங்க, டிராப்டை நீங்களே டைப் பண்ணி எடுத்துட்டுப் போங்க.