படத்தில் இருப்பது கெய்ஷாவா, ஒய்ரானா? உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களில் கெய்ஷாக்களை (இசை, நடனக் கலைஞர்கள்) ஒய்ரான்களிடமிருந்து (உயர்நிலைக் கணிகையர்) பிரித்து அடையாளம் காணக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஓவியர் உதமாரோ 1793 வாக்கில் செய்த மூன்று அழகிகள் படத்தில் நடுவில் இருக்கும் தொயோஹினா யோஷிவாரா என்ற கேளிக்கைப் பகுதியின் கெய்ஷா, மற்ற இருவரும் தேநீர்க்கடைப் பெண்கள், ஆடையில் உள்ள சின்னத்தை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடலாம். சரி, சின்னமோ பெயரோ இல்லாத படங்களில்? இடைக்கச்சையை முன்னால் முடிந்து, தலை நிறையக் கொண்டை ஊசிகள் செருகியிருந்தால் ஒய்ரான். பின்னால் முடிந்து, கையில் ஷாமிசென் என்ற தந்தி இசைக்கருவி வைத்திருந்தால் பெரும்பாலும் கெய்ஷா. ஆனால் மார்பளவுப் படங்களில் முடிச்சே தெரிவதில்லை. அப்புறம் இணையத்தில் விற்பவர்கள் யாரைப் பார்த்தாலும் கெய்ஷா என்றே போட்டுவிடுகிறார்கள், இசையும் நடனமும் தொழிலாகக் கொண்ட அந்தக் கலைஞர்களுக்கு இது பெரிய அநியாயம். சிகை அலங்காரத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய வழி உண்டா? நல்ல அருங்காட்சியகப் பக்கங்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.